கிண்டியில் பிடிபட்ட முறுக்கு

நீட் கோச்சிங் வகுப்பில் உயிரியல் எடுக்கிறவர்களுக்கு இரண்டு கேள்விகள் மனப்பாடம். விலங்குலகில் மிக அதிகமாக இருக்கும் புரதம் எது? கொலாஜன். உயிர்க்கோளம் முழுவதிலும்? ரூபிஸ்கோ. பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பலகையில் எழுதி, சுற்றிலும் பெட்டி போட்டு, அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம். பாடத்திட்டம் அவ்வளவு நீளம்.

அதே பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில், செல்லைப் பற்றிய அலகு தொடங்கும் இடத்தில் ஒருவருடைய படம் இருக்கிறது. ஜி.என்.ராமச்சந்திரன், 1922 முதல் 2001 வரை. கூடவே வாழ்க்கைக் குறிப்பு. அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வராது என்பதால் யாரும் படிப்பதில்லை. ஒருமுறை நான் படித்துக்காட்டத் தொடங்கியபோது முன்பெஞ்சிலிருந்து உடனே வந்தது: "சார், இது எக்ஸாமுக்கு வருமா?" வராதுதான். ஆனால் பெட்டிக்குள் போட்ட அந்தக் கொலாஜனின் உருவத்தை உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான், அதைச் சொன்ன இடம் சென்னை கிண்டி என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பிள்ளை தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்துப் போவது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

பெருமூலக்கூறுகள் பாடத்தில் ஒரே ஒன்றை மட்டும் உருப்படியாகச் சொல்லித்தர விட்டால் நான் கொலாஜனைத்தான் எடுப்பேன். வடிவம் எப்படி வேலையைத் தீர்மானிக்கிறது, அந்த வடிவத்தில் துளி பிசகினால் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதெல்லாம் இந்த ஒரு புரதத்தில் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது.

முதலில் பாடப்புத்தகத்து நாலு பெட்டிகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கார்போஹைட்ரேட், புரதம், நியூக்ளிக் அமிலம், கொழுப்பு. இதில் கொழுப்பு கறாராகப் பார்த்தால் பெருமூலக்கூறே கிடையாது, அலகுகளைக் கோத்துக்கொண்டே போகும் சங்கிலி அதில் இல்லை. செல்லை அரைத்துப் பிரிக்கும்போது சவ்வுத் துண்டுகளாகப் பெரிய மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுவதால் அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. மற்ற மூன்றும் சங்கிலிகள். எதைக் கோக்கிறோம் என்பதோடு எப்படிக் கோக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் அவற்றின் குணம். அரிசியும் வைக்கோலும் ஒரே பயிர். அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸால் ஆனவை. மாவுச்சத்தில் குளுக்கோஸ்கள் ஆல்பா பிணைப்பில் சேர்வதால் சங்கிலி சுருண்டுகொள்கிறது, எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி அதை எளிதாக வெட்டிவிடும். செல்லுலோஸில் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி பீட்டா பிணைப்பில் சேர்கின்றன, அதனால் சங்கிலி நேராக நின்று, பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டு விறைத்துக்கொள்கிறது. அதை வெட்ட நம்மிடம் நொதி இல்லை. மாட்டிடமும் இல்லை, அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளிடம்தான் இருக்கிறது. ஒரு பிணைப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் சோறும் வைக்கோல்போரும் பிரிந்துவிடுகின்றன.

சரி, கொலாஜனுக்கு வருவோம்.

நம் உடம்பிலுள்ள புரதம் மொத்தத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இதுதான். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு, ரத்தக்குழாயின் சுவர், கருவிழியின் முன்னால் இருக்கும் தெளிந்த படலம், எல்லாவற்றிலும் இதுவே சட்டகம். எலும்பு என்றதும் கால்சியம்தான் நினைவுக்கு வரும், ஆனால் சாப்பிட்டுப் போட்ட கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டு எடுத்துப் பாருங்கள்: உப்பெல்லாம் கரைந்துபோய், உருவம் அப்படியே இருக்க, விரலால் வளைக்க வரும். அந்த மிச்சம் பெரும்பாலும் கொலாஜன்.

அதன் அமைப்பு இப்படி. மூன்று சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 1000 அமினோ அமிலங்கள் (புரதச் சங்கிலியில் கோக்கப்படும் அலகுகள் இவைதான்). ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கிறது; மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று வலப்பக்கமாகச் சுற்றிக்கொள்கின்றன. தேங்காய் நாரில் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். புரியை ஒரு பக்கம் முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். அப்போதுதான் இழுக்கும்போது அவிழாது. புரி அவிழப் பார்த்தால் கயிறு இறுகும், கயிறு அவிழப் பார்த்தால் புரி இறுகும். கொலாஜன் மூலக்கூறும் அதே கணக்கு, நீளம் 300 நானோமீட்டர், பருமன் வெறும் ஒன்றரை நானோமீட்டர். இப்படிப்பட்ட மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று 67 நானோமீட்டர் தள்ளித் தள்ளி அடுக்கப்பட்டு, பக்கவாட்டில் நிரந்தரப் பிணைப்புகளால் தைக்கப்பட்டு, இழையாகி, இழைகள் கட்டாகித்தான் குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தசைநாண் உருவாகிறது.

பக்கவாட்டுத் தையல் வயதாக ஆக மேலும் மேலும் உறுதிப்படும். இளங்குட்டிக் கறி மூன்று நாலு விசிலில் வெந்துவிடுவதும், முற்றின ஆட்டுக்கறி கேஸ் தீரும் வரை அடம்பிடிப்பதும் இதனால்தான். கறிக்கடைக்காரரிடம் "குட்டியா?" என்று கேட்கும்போது நாம் கேட்பது கொலாஜனுக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்பதைத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் கிளைசின். இருபது அமினோ அமிலங்களில் ஆகச் சிறியது, பக்கக் கிளை என்று சொல்லிக்கொள்ள ஒற்றை ஹைட்ரஜன் அணு. மூன்று சங்கிலிகள் இவ்வளவு நெருக்கிச் சுற்றும்போது நடு அச்சில் இடமே இருக்காது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒரு அமினோ அமிலம் அந்த நடுவைப் பார்த்து வந்து நிற்க வேண்டும், அந்த இடத்தில் கிளைசினைத் தவிர வேறு எதற்கும் கொள்ளாது. அடுத்த சிறியது அலனின். ஒரே ஒரு கார்பன்தான் அதிகம், அதுகூட அங்கே பிதுங்கும். ஆகவே சங்கிலி முழுக்க கிளைசின், வேறொன்று, இன்னொன்று, மறுபடி கிளைசின் என்று முந்நூறு தடவைக்கு மேல் தவறாமல் வந்தாக வேண்டும்.

தவறினால் என்ன? ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று ஒரு பிறவி நோய் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கினாலே எலும்பு முறியும் அளவுக்கு நொறுங்கும் எலும்பு; பிறந்ததும் இறந்துபோகும் வகையும் உண்டு. கடுமையான வகைகள் பலவற்றில் காரணம், ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒன்று. எலும்பில் உள்ள முதல் வகைக் கொலாஜனில் ஆல்பா-1 என்ற சங்கிலி இரண்டு, ஆல்பா-2 ஒன்று. ஆல்பா-1 மரபணு நமக்கு இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று மட்டும் பழுது என்று வையுங்கள். பாதிச் சங்கிலி பழுது, பாதி நல்லது. ஆனால் ஒரு மூலக்கூறில் இரண்டு ஆல்பா-1 சேர வேண்டியிருப்பதால், இரண்டுமே நல்லதாக அமைவது நாலில் ஒன்றுதான். முக்கால்வாசி மூலக்கூறு கெட்டுவிடும். வேடிக்கை என்னவென்றால், பழுதான பிரதி சங்கிலியையே உண்டாக்காமல் மொத்தமாக நின்றுபோனால் நோய் பொதுவாக லேசாகத்தான் இருக்கும். அங்கே கொலாஜன் அளவில் பாதி, ஆனால் இருப்பதெல்லாம் சுத்தம். நிகழ்தகவை உயிரியலில் சொல்லித்தர இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

இப்போது கிண்டிக் கதை. ராமச்சந்திரன் பிறந்தது எர்ணாகுளம், பெயரின் முதலெழுத்தில் இருப்பது திருநெல்வேலிப் பக்கத்து கோபாலசமுத்திரம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு மின்பொறியியல் படிக்கப் போனவரை சி.வி.ராமன் இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். 1952-இல் மதராஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேவைப்பட்டபோது ராமன் இவரைப் பரிந்துரைக்க, துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அழைத்துக்கொண்டார். முப்பது வயது ஆளை ஒரு துறைக்கே தலைவராக்கிய துணைவேந்தர்கள் அன்று இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

அந்தச் சமயத்தில் லண்டனிலிருந்து படிகவியல் மேதை ஜே.டி.பெர்னால் சென்னைக்கு வந்தார். எதை எடுத்து ஆராயலாம் என்ற பேச்சில், கொலாஜனுக்கு இதுவரை யாரும் திருப்தியான அமைப்பைச் சொல்லவில்லை என்றார். அமெரிக்க வேதியியல் மேதை லைனஸ் பாலிங்கே 1951-இல் ஆல்பா சுருளை, அதாவது ஒற்றைப் புரதச் சங்கிலி சுருண்டு நிற்கும் வடிவத்தை, சரியாகச் சொன்ன கையோடு கொலாஜனுக்கும் ஓர் அமைப்பைச் சொல்லியிருந்தார், அது தவறு. ராமச்சந்திரனுக்கு நல்ல கொலாஜன் மாதிரி தேவை. பக்கத்தில் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1948-இல் தொடங்கியது. அங்கிருந்து கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண். ஆடும் மாடும் மலிந்த ஊரில் ஆஸ்திரேலியக் கங்காரு வால் வந்து உதவியதை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் எக்ஸ் கதிர் படத்துக்கு இழைகள் ஒழுங்காக ஒரே திசையில் நீண்டிருக்க வேண்டும். நீளமான வால் நாணில் அது வாய்க்கும்.

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் படம் எடுத்தார்கள். இழையை வைத்து எடுக்கும் எக்ஸ் கதிர் படத்தில் கிடைப்பது கொஞ்சம் புள்ளிகளும் வில்களும்தான். ஒவ்வொரு அணுவும் எங்கே என்று அதிலிருந்து நேராகப் படிக்க முடியாது. ஒரு வடிவத்தை ஊகித்து, மாதிரி கட்டி, அது இந்தப் படத்தைத் தருமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் கையில் இன்னொரு துப்பும் இருந்தது. எந்த விலங்கின் கொலாஜனை எடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். ஒரு சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்றால், மூன்று சங்கிலி நெருங்கி நிற்கும் நடுவில் அவை வரிசையாக வந்து உட்காரலாமே? 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் முதல் கட்டுரை வந்தது: இணையாக ஓடும் மூன்று சுருள்கள். படத்தோடு இன்னும் நெருக்கமாகப் பொருந்த 1955 செப்டம்பரில் இரண்டாவது கட்டுரை: மூன்றும் சும்மா பக்கத்தில் நிற்கவில்லை, ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன. டி.என்.ஏ. இரட்டைச் சுருள் வந்து இரண்டரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

நவம்பரில் அதே நேச்சரில் அலெக்சாண்டர் ரிச்சும், அந்த டி.என்.ஏ. சுருளைச் சொன்ன இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் எழுதினார்கள். மூன்று சங்கிலி முறுக்கு என்ற அடிப்படை அதேதான். சென்னை மாதிரியில் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு. அப்படி வைத்தால் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கிவிடுகின்றன, ஒரே ஒரு பிணைப்புத்தான் சாத்தியம் என்பது அவர்கள் வாதம். இந்த விஷயத்தில் நம்மூர்க் கட்டுரைகள் பெரும்பாலும் "வெள்ளைக்காரன் பறித்துக்கொண்டான்" என்று முடித்துவிடும். அது பாதிதான் சரி. முச்சுருள் என்ற எண்ணம் சென்னையுடையது, அதில் சந்தேகமே இல்லை, பல பாடநூல்கள் அதை விழுங்கிவிட்டதும் உண்மை. ஆனால் பிணைப்பு எண்ணிக்கையில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதுதான் நின்றது. 1994-இல் கொலாஜனை ஒத்த ஒரு சிறு பெப்டைடை (குட்டி அமினோ அமிலச் சங்கிலியை) படிகமாக்கி ஹெலன் பெர்மன் குழுவினர் அணு அணுவாகப் பார்த்தபோது மூன்றுக்கு ஒரு நேரடிப் பிணைப்பே தெரிந்தது. அதோடு சுருளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலமாக நிற்பதும் தெரிந்தது. நீர் வழியாக ஒரு பிணைப்பு இருக்கலாம் என்று 1968-இலேயே ராமச்சந்திரன் எழுதியிருந்தார்.

அணுக்கள் நெருங்குகின்றன என்ற குற்றச்சாட்டை அவர் எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மறுப்பு எழுதி மல்லுக்கட்டுவதோடு நிற்கவில்லை. சரி, இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? இதற்கு அன்று யாரிடமும் ஒழுங்கான பட்டியல் இல்லை. அதுவரை வெளிவந்த சிறு படிக அமைப்புகளையெல்லாம் தேடி எடுத்து, கார்பனும் ஆக்ஸிஜனும் இவ்வளவு, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இவ்வளவு என்று எல்லைகளைத் தொகுத்தார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் அடுத்த வேலை.

புரதச் சங்கிலியின் முதுகில் ஓர் அமினோ அமிலத்தை அடுத்ததோடு சேர்க்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையாக விறைத்து நிற்கும், அது திரும்பாது. மீதி ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் திருகக்கூடிய இடம் இரண்டே இரண்டு, ஃபை, சை என்று இரு கோணங்கள். ஒவ்வொன்றும் ஒரு முழுச் சுற்று சுற்றலாம். படுக்கைக் கோட்டில் ஃபை, செங்குத்தில் சை என்று ஒரு சதுரம் வரைந்துகொண்டு, ஒவ்வொரு ஜோடிக் கோணத்துக்கும் எல்லா அணுக்களின் தூரத்தையும் கணக்கிட்டு, எங்காவது எல்லை மீறி இடித்தால் அந்த இடத்தை அடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் முறை. கணினி கைக்கு எட்டாத காலத்தில் செய்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அடித்து முடித்துப் பார்த்தால் சதுரத்தில் முக்கால்வாசிக்கு மேல் காலி. எஞ்சியது சில தீவுகள். ஒரு தீவில் ஆல்பா சுருள், இன்னொன்றில் சங்கிலிகள் நீண்டு பக்கம் பக்கமாக நிற்கும் பீட்டா தகடு, அந்தப் பீட்டா தீவின் ஓரத்திலேயே கொலாஜன். பக்கக் கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் சதுரத்தில் தாராளமாக இடம். வளையமாகப் பூட்டிக்கொண்ட புரோலின் என்ற அமினோ அமிலத்துக்கு ஒரு கீற்றுத்தான்.

1963-இல் ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் இதை வெளியிட்டபோது அணு அளவில் அமைப்புத் தெரிந்திருந்த புரதம் ஒன்றே ஒன்று, மயோகுளோபின். இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் ஓர் அமைப்பைச் சேர்க்கப் போனால், வரும் சரிபார்ப்பு அறிக்கையில் 'ராமச்சந்திரன்' என்று ஒரு வரி இருக்கும். இவ்வளவு சதவீத அமினோ அமிலங்கள் தடைப்பட்ட இடத்தில் கிடக்கின்றன என்று அது காட்டிக்கொடுக்கும். 2024-இல் வேதியியல் நோபல் வாங்கித்தந்த கணினி முறைகள் புரதத்தின் வடிவத்தைக் கணித்துத் தருகின்றனவே, அவையும் அந்தத் தீவுகளைத் தாண்டிப் போனால் யாரும் நம்பமாட்டார்கள். எது முடியாது என்பதை முதலில் எழுதிவைத்ததால் எது முடியும் என்பது தானாக வந்து நின்றது. மூன்று சங்கிலிக்கு நடுவில் கிளைசினைத் தவிர எல்லோருக்கும் 'இடமில்லை' என்று சொன்ன கொலாஜனைப் பிடித்துக்கொண்டு போனவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது!

கொலாஜனில் புரோலினுக்கும் அதிலிருந்து உருவாகும் ஹைட்ராக்ஸிபுரோலினுக்கும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு இடம். ஹைட்ராக்ஸிபுரோலினுக்கு மரபணுவில் குறியீடு கிடையாது. சங்கிலி தயாரான பிறகு ஒரு நொதி வந்து சில புரோலின்களில் ஓர் ஆக்ஸிஜனைச் சேர்த்துவிட்டுப் போகும். அந்தச் சின்ன ஒட்டு இல்லாவிட்டால் முச்சுருள் சுமார் 24 டிகிரியிலேயே அவிழ்ந்துவிடும். இருந்தால் 40 டிகிரிப் பக்கம் வரை தாங்கும். நம் உடம்புச் சூடு 37. இடையில் இருக்கும் அந்த வித்தியாசத்தில்தான் நாம் நிற்கிறோம், நடக்கிறோம். அந்த நொதிக்குள் ஓர் இரும்பு அணு உண்டு, அதைச் செயல்படும் நிலையில் வைத்திருப்பது வைட்டமின் சி. ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தானே செய்துகொள்ளும். நமக்கு அந்த மரபணு எப்போதோ உடைந்துபோய்விட்டது, அதனால் நெல்லிக்காயும் எலுமிச்சையும் கொய்யாவும் தேடுகிறோம்.

இது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கப்பற்படைகள் உயிரைக் கொடுத்துக் கற்றன. 1740-களில் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கடற்பயணத்தில், ஐம்பது வருடத்துக்கு முன் அயர்லாந்தில் பாய்ன் போரில் பட்ட காயம் ஆறிப்போயிருந்த ஒரு வீரருக்கு வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்ததும் அந்தப் பழைய காயம் மறுபடி திறந்துகொண்டது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். முதன்முதலாகப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆறின தழும்பு என்பது முடிந்துபோன வேலை என்று நினைக்கிறோம். அங்கே பழைய கொலாஜன் கரைவதும் புதியது வருவதும் ஆயுள் முழுக்க நடக்கிறது. புதியது நிற்காத முறுக்காக வரத் தொடங்கினால் ஐம்பது வருடம் ஒரு பொருட்டே கிடையாது. 1747-இல் சாலிஸ்பரி கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல் நீர் என்று கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் மளமளவெனத் தேறினார்கள். ஆங்கிலேயக் கப்பற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்கியது 1795-இல். நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் என்ன செய்தார்கள் என்று கேட்டால், அரசாங்கம் எங்கும் ஒன்றுதான்.

முறுக்கு அவிழ்வதை அடுப்பங்கரையிலேயே பார்க்கலாம். ஆட்டுக்கால் சூப்பை மணிக்கணக்கில் கொதிக்கவைப்பது எலும்போடு ஒட்டிய கொலாஜனை அவிழ்த்துத் தண்ணீரில் இறக்கத்தான். அவிழ்ந்த சங்கிலிக்குப் பெயர் ஜெலட்டின். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் கரண்டி நிற்கும் அளவுக்குக் கட்டியாக இருக்கும்: ஆறும்போது சங்கிலிகள் மறுபடி மூன்று மூன்றாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கின்றன, முழுக்க முடியாமல் அங்கங்கே மட்டும் பின்னிக்கொண்டு நடுவில் தண்ணீரைச் சிறைவைத்துவிடுகின்றன. மறுபடி சுடவைத்தால் மறுபடி இளகிவிடும். பனிக்கடலில் வாழும் மீன்களின் கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் குறைவு, அவற்றின் ஜெலட்டின் அறைச் சூட்டில் கட்டியே ஆகாது. அந்த மீன் வாழும் குளிரில் அந்த அளவு முறுக்கே அதற்குப் போதும்.

நான் இருப்பது வேலூர்ப் பக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் டேனரிகள், என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் தோல் தொழிலில் இருப்பார். மாணவன் ஒருவனின் அப்பா ஒருமுறை தான் வேலை பார்க்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். டிரம்மிலிருந்து எடுத்த ஈரத்தோல், குரோமியம் ஏறி வெளிர் நீலமாக, அவர்கள் சொல்கிற வெட் ப்ளூ. ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பேனாவால் கோடு போட்டார். துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூன்று நிமிடம் கழித்து எடுத்து அதே கோட்டுக்குள் வைத்தார். அப்படியே பொருந்தியது. "இதைப் பாருங்க சார்" என்று பதனிடாத தோல் துண்டு ஒன்றையும் போட்டார். சில நொடியில் அது சுருண்டு, தடித்து, பாதி அளவுக்கும் கீழே சுருங்கிவிட்டது. பச்சைத் தோல் 60, 65 டிகிரியிலேயே சுருங்கும். முச்சுருள் அவிழ்ந்து சங்கிலிகள் கன்னாபின்னாவென்று மடங்கிக்கொள்வதுதான் அந்தச் சுருக்கம். குரோமியம் சங்கிலிகளின் அமிலக் கிளைகளைப் பிடித்து ஒன்றோடொன்று பூட்டிவிடுவதால் 100 டிகிரி தாண்டியும் நிற்கிறது. முன்பெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான்; அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளுக்கிடையே புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்ளும், குரோமியம் அளவுக்குச் சூடு தாங்காவிட்டாலும் தோல் அழுகாது, வேலை ஆகிவிடும். குரோமியம் வேகமானது, மலிவானது. அதற்குப் பாலாறு கொடுத்த விலையும் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் கொடுத்த விலையும் 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை, அதைத் தனியாக எழுத வேண்டும்.

கடைசியாகப் பவுடர். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்கள் மார்க் விசாரித்த கையோடு, "சார், கொலாஜன் பவுடர்னு விக்கிறாங்களே, குடிச்சா முழங்கால் வலி போகுமா, முகச் சுருக்கம் போகுமா?" என்று கேட்கிறார்கள். போன் திறந்தாலே அந்த விளம்பரம்தான், விலையைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது. நான் சொல்வது இவ்வளவுதான். வாயில் போட்ட கொலாஜன் கொலாஜனாகவே முட்டிக்குப் போய்ச் சேராது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலமாகவும் இரண்டு மூன்று சேர்ந்த துணுக்குகளாகவும் வெட்டிவிடும். துணுக்குகள் கொஞ்சம் ரத்தத்தில் சேர்வது உண்மை, அதனால் சருமம் கொஞ்சம் மேம்படுகிறது என்று சில ஆய்வுகள் சொல்வதும் உண்மை, அவற்றில் பல சிறியவை, விற்கிறவர்கள் பணத்தில் நடந்தவை என்பதும் உண்மை. ஆனால் கொலாஜனுக்கே உரிய அந்த ஹைட்ராக்ஸிபுரோலின் இருக்கிறதே, அதைத் தின்றால் உடம்பு எடுத்து நேராகச் சங்கிலியில் கோத்துக்கொள்ள முடியாது. குறியீடு இல்லை என்று சொன்னேனே. ஒவ்வொன்றையும் சங்கிலியில் வைத்துத்தான் புதிதாகச் செய்தாக வேண்டும். கிளைசினையும் புரோலினையும் உடம்பே செய்துகொள்ளும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் முழங்கால் இருக்கிறது. புரதம் என்று பார்த்தாலும், உடம்பு தானே செய்துகொள்ள முடியாத டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது. ஒரு கிண்ணம் பருப்பும் ஒரு முட்டையும் அதைவிட மேல். வலி தொடர்ந்தால் எலும்பு டாக்டரைப் பாருங்கள், தினமும் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிடுங்கள், மீதிப் பணத்தில் பையனுக்கு டெஸ்ட் சீரிஸ் வாங்கிக் கொடுங்கள் என்பேன். பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போய்ப் பவுடரும் வாங்குகிறார்கள்.